தகர மூடியில் இருந்த சந்தை

செல் ஏவிக் குத்துகிற சத்தம் கேட்கிறது. மூன்று. அடுத்தடுத்து. மேற்கில், உப்புநீர்க் களப்புக்கு அப்பால்.

"குத்திட்டான். படுங்கோ."

யாரோ கத்துகிறார்கள். நான் மணலில் விழுகிறேன். கையில் தண்ணீர்க் கான். அதை விடவில்லை. முதல் செல் கூவிக்கொண்டு தலைக்கு மேலால் போகிறது. வெடிக்கிறது. நிலம் வயிற்றில் இடிக்கிறது. இரண்டாவது கடற்கரைப் பக்கம். மூன்றாவது சந்தைப் பக்கம்.

2009, பங்குனி மாதம். வலைஞர்மடம். காலை. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது.

எழும்பி ஓடினேன். மண்ணில் வெட்டிய எங்கள் பதுங்குகுழிக்கு, பங்கருக்குத்தான் ஓடினேன். செல் வந்தால் மகள் அங்கேதான் ஓடி வருவாள் என்று நினைத்தேன். பங்கர் வாசலில் மண்மூட்டைகள். அந்த நாட்களில் சாக்குக் கிடையாது. சீலையைத் தைத்துத்தான் மண் நிரப்பினோம். என் மனைவி யோகம் கடைசியாக வெட்டித் தைத்தது அவளுடைய கூறைச் சீலை. தூரத்தில் அந்தச் சிவப்புத் தெரிந்தால் வீடு வந்துவிட்டது என்று கால் நம்பும்.

குனிந்து உள்ளே பார்த்தேன். பாய் இருந்தது. பானை இருந்தது. பிஸ்கற் வந்த தகரப் பெட்டி இருந்தது. மகள் இல்லை.

"தர்சினி."

என் காது அடைத்திருந்தது. கூப்பிட்டேனா, நினைத்தேனா தெரியாது.

மறுபடியும் குத்துகிற சத்தம்.

இதை ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். மில்லிக்கன் பக்கம் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறை. போன மாதம் மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். போரில் தப்பியவர்கள் பேச வேண்டும், அதைப் பதிவு செய்து வைக்கப் போகிறோம் என்றார்கள். என் முறை வந்தது. எழும்பினேன். ஒலிவாங்கியைப் பார்த்தேன். பேச வரவில்லை. இருந்துவிட்டேன். அங்கிருந்த பிள்ளை, "அங்கிள், எழுதித் தாங்கோவன்" என்றது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்துங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

தகரப் பெட்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

சமாதானக் காலத்தில் யோகத்தின் தம்பி குகன் ஜெர்மனியில் இருந்து வந்தான். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்தான். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கென்று அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். பிஸ்கற் இரண்டு நாளில் முடிந்தது. பெட்டி மிஞ்சியது. அதன் மூடியில் குகன் இருக்கிற ஊரின் படம்.

நடுவில் சதுரமான வெளி. தரை முழுக்கக் கல் பதித்தது. சுற்றிவர வீடுகள், தோளோடு தோள் ஒட்டி. கூரைகள் கூராக மேலே போயின. வெள்ளைச் சுவர்களில் கறுப்பு மரச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக. சன்னலுக்குச் சன்னல் பெட்டியில் சிவப்புப் பூ. ஒரு பக்கம் நகரசபை. அதற்குக் கோபுரம். கோபுரத்தில் மணிக்கூடு. வெளியின் நடுவில் கல்லால் செய்த தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் ஒரு தூண், தூணின் மேல் வாள் பிடித்த மனிதன். தொட்டியைச் சுற்றிச் சந்தை. கோடு போட்ட குடைகள். குடைக்குக் கீழே காய்கறி, பூ, பாண் ரொட்டி.

இவ்வளவு அழகான சந்தையை நாங்கள் பார்த்ததில்லை. நாங்களும் சந்தைக்காரர். நான் தோட்டங்களில் மரக்கறி வாங்கிச் சைக்கிளில் கட்டி வருவேன். யோகம் இருந்து விற்பாள். எனக்கு விலை கூவ வராது. ஆட்கள் முகத்தைப் பார்த்தால் வெட்கம்.

"குடைக்குக் கீழ இருந்து விக்கினமாம்" என்றாள் யோகம். "எங்களுக்கு ஒரு கிழிஞ்ச சாக்குக்கும் வழியில்லை."

தொட்டிக்கு நேரே ஒரு வீடு. மற்றவை எல்லாம் வெள்ளை, அது மட்டும் சிவப்பு. அதன் நெற்றியில் ஏதோ இலக்கம் எழுதியிருந்தது. என்ன அது என்று தர்சினி குகனிடம் கேட்டாள்.

"கட்டின வருசம், பிள்ளை. நானூறு வருசத்துக்கு மேல உது அப்பிடியே நிக்குது."

"விழேல்லையோ?"

"விழேல்லை."

அன்றைக்கே அந்த வீட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டாள்.

இனி எங்கள் சந்தையைச் சொல்கிறேன். கிளிநொச்சிச் சந்தையில் எல்லாருக்கும் இடம் உண்டு. எழுத்தில் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். முதலில் மேரி அக்கா, மீன். பிறகு வெற்றிலை. பிறகு சட்டி பானை. கடைசிக்கு முந்தின இடம் தேங்காய், கந்தையா அண்ணை. கடைசி நாங்கள். யாராவது செத்தால் அந்த இடத்தை எடுக்கக்கூடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை அது வெறுமையாகக் கிடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மகனோ மருமகனோ வந்து இருக்கலாம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சந்தையில் பிள்ளை கூட்டத்தில் வழி தவறினால் கந்தையா அண்ணையின் தேங்காய்க் குவியலடியில் போய் நிற்க வேண்டும். பெற்றவர்களும் அங்கேதான் வருவார்கள். அழுகிற பிள்ளையைக் குவியலின் மேல் தூக்கி இருத்துவார். போகிறவர்கள் பகிடிக்குக் கேட்பார்கள்.

"அண்ணை, மேல இருக்கிற காய் என்ன விலை?"

"உது இளநி. முத்தட்டும், பிறகு வா."

ஒரே ஒரு கட்டளைதான் போடுவார். ஆள் வரும்வரை அசையக்கூடாது.

2008 கடைசியில் இடம்பெயர்ந்தோம். சந்தையும் எங்களோடு இடம்பெயர்ந்தது. தருமபுரம். விசுவமடு. சுதந்திரபுரம். மாத்தளன். போகிற இடமெல்லாம் அதே வரிசையில் இருந்தோம். சனம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். வரிசைதான் எங்கள் விலாசம். பொருட்கள் குறைந்தன. தேங்காய் இல்லாமல் போனது. கந்தையா அண்ணை வெறும் சாக்கை விரித்துக்கொண்டு தன் இடத்தில் இருந்தார். பிள்ளைகள் இன்னும் தவறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மாசியில் சுதந்திரபுரத்தில் செல் விழுந்தது. கந்தையா அண்ணை செத்தார்.

அவருடைய இடத்தை விட்டோம். வெற்றிலைக்காரரின் இடத்தை விட்டோம். சட்டி பானைக் கிழவி, அவளுடைய மருமகள். விட்டோம். அந்தியேட்டி செய்ய ஐயரும் இல்லை, நாளும் வரவில்லை. வலைஞர்மடத்துக்கு வந்தபோது எங்கள் வரிசையில் ஆட்களைவிட வெறுமை கூட. வரிசை நீண்டுகொண்டே போனது. பனைகளின் நிழல் முடிந்தது. வரிசை முடியவில்லை. யோகத்தின் இடம் வெட்டவெளிக்கு வந்துவிட்டது. மேலே வண்டு சுற்றும். ஆளில்லாமல் வேவு பார்க்கும் விமானத்தை அப்படித்தான் சொல்வோம்.

"நெருங்கி உள்ளுக்க இருங்கோவன்" என்று மேரி அக்கா சொன்னா.

"கந்தையா அண்ணையின்ர இடத்தில ஏறி இருந்து நான் யாவாரம் செய்யிறதோ?" என்றாள் யோகம். "அந்த மனிசன் போய் ஒரு மாதமும் ஆகேல்லை."

நானும் அது சரியென்றே நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

பங்கருக்குள் வெளிச்சம் வாசலால் மட்டும் வரும். அந்த வெளிச்சத்தில் மூடியை வைத்துக்கொண்டு தர்சினி விளையாடுவாள். பதினொரு வயது. விரல்தான் கால்.

"நான் வீட்டால வெளிக்கிடுறன்."

"செருப்பைப் போடு. அங்க குளிர்" என்பாள் யோகம்.

"அம்மா தொட்டிக்குப் பக்கத்தில கத்தரிக்காய் விக்கிறா. அப்பா எங்க?"

"அப்பா குடைக்குப் பின்னால ஒளிச்சு நிக்கிறார். வெள்ளைக்காரி ஒருத்தி விலை கேட்டிட்டாளாம்."

சிரித்தோம். செல் விழுகிற இடைவெளியில் சிரித்தோம். அது உண்மை.

ஒரு நாள் நீண்ட நேரம் அடித்தார்கள். ஓய்ந்த பிறகு தர்சினி கேட்டாள்.

"எல்லாரும் எல்லா இடமும் தவறினா எங்க நிக்கிறது?"

"கந்தையா அண்ணையின்ர இடத்தில."

"அது இஞ்ச தவறினா. நாடெல்லாம் தவறினா?"

அவள் விரலை மூடியில் வைத்தாள். தொட்டியில்.

"இதில. மாமாவுக்குத் தெரிஞ்ச இடம். ஆர் முதல் வந்தாலும் மற்ற ஆக்கள் வரும்வரைக்கும் அசையக்கூடாது. சரியோ அப்பா?"

"ஓம்" என்றேன்.

நான் ஓம் என்றுதான் சொன்னேன்.

அந்தக் காலைக்கு வருகிறேன். பங்கரில் அவள் இல்லை. சந்தைக்கு ஓடுகிறேன். இடையில் இரண்டு தடவை விழுந்து படுத்தேன். புகை. கருகிய பனை ஓலை மணம். வரிசையின் கடைசியில் யோகம். தராசு அவள் மடிக்குக் கீழே. நான் கண்டதை எழுத மாட்டேன். அவள் முகம் அவள் முகமாகவே இருந்தது. அது போதும்.

மேரி அக்கா மணலில் இருந்தா. காலில் துணி கட்டியிருந்தது.

"சந்தையில விழுந்த முதல் செல்லில யோகம் போயிட்டாள்" என்றா. "பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. எழும்பிப் போய்க் கந்தையா அண்ணையின்ர இடத்தில நிண்டுது. எல்லாரும் ஓடினம். ஓடி வாடி எண்டு கத்தினன். அசையேல்லை. அப்பா வருவார் எண்டுது."

"பிறகு?"

"அடுத்ததில இடது கையில காயம். உயிர் இருந்தது, தம்பி. கண் முழிச்சிருந்தது. லான்ட்மாஸ்ரர் வண்டியில ஏத்திக்கொண்டு மாத்தளனுக்குப் போயிட்டினம்."

கந்தையா அண்ணையின் இடத்தில் மணல் கறுப்பாக நனைந்திருந்தது. சின்னதாகத்தான்.

மாத்தளனுக்கு ஓடினேன். பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். மரத்தடி எல்லாம் ஆட்கள். ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தேன். காயக்காரரைப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். கடற்கரைக்குப் போனேன். கப்பல் சின்னதாகத் தெரிந்தது. அதில் அவள் இருந்தாளா, அதற்கு முன்பே எங்காவது இறக்கிவிட்டார்களா, எவருக்கும் தெரியவில்லை. பெயர் கேட்க அங்கே ஆளில்லை. பெயர் சொல்லவும் பலருக்கு வாய் இல்லை.

பின்னேரம் திரும்பி வந்தேன். சிவப்பு மண்மூட்டைகளின் தையலைப் பிரித்தேன். மண்ணைக் கொட்டினேன். துண்டு துண்டாக இருந்த கூறைச் சீலையால் யோகத்தை மூடினேன். பங்கருக்குப் பக்கத்திலேயே புதைத்தேன்.

சித்திரையில் களப்பைக் கடந்தேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. தகரப் பெட்டி கையை விட்டுப் போனது. மிதந்தது. பிறகு மிதக்கவில்லை.

முள்வேலி முகாமில் இருந்தேன். விட்ட பிறகு தேடினேன். கப்பல் போன ஊருக்குப் போனேன். ஆஸ்பத்திரிகள், அநாதைப் பிள்ளைகள் இல்லங்கள், வேறு முகாம்கள். இடது கையில் காயம் உள்ள பெண்பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். அவள் இல்லை. இருக்கிறாள் என்றும் யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு கனடா. மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியம். பெட்டி அடுக்குகிறேன். யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை.

போன வருடம் குகனின் மகளுக்குக் கலியாணம். விமான ரிக்கற்றை அவனே அனுப்பினான். போனேன். கலியாணத்துக்கு மறுநாள் சனிக்கிழமை. "அத்தான், வாங்கோ ஒரு இடம் காட்டுறன்" என்றான்.

ஒரு ஒடுங்கிய தெரு. இரண்டு பக்கமும் வீடுகள் மேலே குனிந்து ஒன்றையொன்று தொடுவதுபோல நின்றன. தெரு முடிந்தது. வெளி திறந்தது.

மூடியில் இருந்தபடியே இருந்தது. கல்லுத் தரை. காலுக்கு உருண்டையாகப் பட்டது, அது மட்டும் படத்தில் தெரியாதது. கூரான கூரைகள். கறுப்புச் சட்டங்கள். சிவப்புப் பூ. வாள் பிடித்த மனிதன். கோடு போட்ட குடைகள். குடைக்குக் கீழே தேன், வெண்ணெய்க்கட்டி, மண் ஒட்டிய உருளைக்கிழங்கு, கட்டுக் கட்டாகப் பூ. கிழவிகள் கூடையோடு நின்று கதைத்தார்கள். ஒருவரும் விலை கூவவில்லை. இந்தச் சந்தையில் நான் வியாபாரம் செய்திருப்பேன்.

கோபுரத்தில் மணி அடித்தது. நான் குனிந்துவிட்டேன். வேறு யாரும் குனியவில்லை.

சிவப்பு வீடு தொட்டிக்கு நேரே நின்றது. நெற்றியில் அந்த இலக்கம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நானூறு வருசம்" என்றேன்.

குகன் என் கையைப் பிடித்து நகரசபை வாசலுக்குக் கூட்டிப்போனான். சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. கறுப்பு வெள்ளை. கற்குவியல். வானம். நடுவில் தொட்டி மட்டும்.

"உது என்ன இடம்?" என்று கேட்டேன்.

"இதுதான் அத்தான். உவங்கட சண்டையில ஒரு இரவில எல்லாம் விழுந்தது. பிறகு பழைய படங்களைப் பாத்துத் திருப்பிக் கட்டினவங்கள்."

"எல்லாத்தையுமோ?"

"சன்னலையும் சட்டத்தையும் கூட. இலக்கத்தையும் பழையபடி எழுதினவங்கள்." படத்தில் இருந்து என் பக்கம் திரும்பினான். "அப்ப எனக்கு உது தெரியாது. பன்னிரண்டு வருசம் இருந்தும் வேலை, அறை, வேற ஒண்டும் தெரியாது. பிள்ளைக்கு அது அப்பிடியே நிக்குது எண்டு சொல்லிப்போட்டன்."

சிவப்பு வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. என் அப்பாவைவிட வயது குறைந்த வீடு. விழாத வீடென்று என் பிள்ளை பங்கருக்குள் இருந்து குடியிருந்தது அதில்தான்.

படத்தில் ஆட்கள் இல்லை. அந்த இரவில் வீடுகளுக்குள் இருந்தவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர்களைப் பழைய படம் பார்த்துத் திருப்பிக் கட்டியிருக்க மாட்டார்கள்.

"நீ போய்ச் சாமானை வாங்கு" என்று குகனிடம் சொன்னேன். "நான் உதில நிக்கிறன்."

தொட்டியடியில் நின்றேன்.

அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் பைத்தியம் இல்லை. ஆனால் ஓம் என்று சொன்னவன். அவளுக்கு இப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். அந்த வயதுப் பெண்கள் வந்தார்கள், போனார்கள். நான் முகம் பார்க்கிறவன் இல்லை. அன்றைக்கு எல்லா முகத்தையும் பார்த்தேன். பிறகு எல்லா இடது கையையும் பார்த்தேன். குளிர். எல்லாருக்கும் நீளக் கைச் சட்டை.

நம்முடைய நிறத்தில் ஒரு பிள்ளை இரண்டு தடவை என்னைக் கடந்து போனது. மூன்றாம் தடவை நின்றது. முதுகில் பை.

"அங்கிள், நீங்க தமிழா?"

இந்தியத் தமிழ். இங்கே படிக்க வந்த பிள்ளை.

"ஓம்."

"காலைலேர்ந்து இங்கேயே நிக்கிறீங்க. யாராவது வரணுமா?"

"மகள்" என்றேன்.

"போன் பண்ணிப் பாத்தீங்களா?"

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று தெரியாது. அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் என்னோடு நின்றது. தன் போத்தலில் இருந்து சூடான தேநீர் ஊற்றித் தந்தது. பஸ் வருகிற நேரம் என்றது.

"வந்துடுவாங்க அங்கிள். இங்கேயே நில்லுங்க, அசையாதீங்க. இந்தக் கூட்டத்துல தேடுறது கஷ்டம்."

மத்தியானத்துக்குப் பிறகு குடைகளை மடித்தார்கள். பெட்டிகளை ஏற்றினார்கள். ஒரு வண்டி வந்து தரையைக் கழுவியது. கொஞ்ச நேரத்தில் அங்கே சந்தை இருந்ததற்கு அடையாளமே இல்லை. மழை தூறியது. குகன் இரண்டு கையிலும் பையோடு வந்தான்.

"அத்தான், வாங்கோ."

"இன்னும் கொஞ்சம்."

அவனும் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றான். இருவரும் நனைந்தோம்.

காரில் போகும்போது சொன்னான். "அத்தான், அக்காவின்ர திவசத்தோட பிள்ளைக்கும் ஒரு அந்தியேட்டி செய்துவிடுவம். பதினாறு, பதினேழு வருசமாகுது. இஞ்ச நல்ல ஐயர் இருக்கிறார்."

"வேண்டாம்."

"அவளுக்கும் ஒரு ஆறுதல் வேணுமெல்லே."

"செய்தா இடம் போயிடும்" என்றேன்.

அவன் சந்தைக்காரரின் வீட்டுப் பிள்ளை. விளங்கியது. அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

புறப்படும்போது அவன் மனைவி என் பையில் ஒரு தகரப் பெட்டியை வைத்தாள். அதே மூடி. அந்த வெளியில் உள்ள கடையில் இன்றைக்கும் அடுக்கி வைத்து விற்கிறார்கள். இப்போது குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இருக்கிறது. திறக்கவில்லை.

பதிவு செய்கிறவர்கள் இழந்தவர்களையும் இழந்த பொருட்களையும் எழுதச் சொன்னார்கள். எனக்கு வரிசையாகத்தான் வரும்.

மேரி அக்கா, மீன். சித்திரையில், களப்புக் கரையில் செத்தா. வெற்றிலைக்காரர், விசுவமடு. சட்டி பானைக் கிழவி, சுதந்திரபுரம். மருமகள், அதே செல். கந்தையா அண்ணை, தேங்காய், அதே நாள் பின்னேரம். கடைசி இடம், மரக்கறி, என் மனைவி யோகம். வலைஞர்மடம். பங்குனி.

பொருட்கள்: ஒரு தராசு. ஒரு சைக்கிள். ஒரு கூறைச் சீலை. ஒரு தகரப் பெட்டி. நானூறு வருடம் விழாத ஒரு வீடு.

கடைசிக்கு முந்தின இடத்தில் கந்தையா அண்ணைக்குப் பிறகு என் மகள் தர்சினி நின்றாள். அவளை இந்தக் கணக்கில் நான் எழுதவில்லை. அந்தியேட்டி ஆகவில்லை. யாரும் அந்த இடத்தில் இருக்கக்கூடாது.